மதலேனம்மாள் உட்காரும் இடம்

சுவக்கீனுக்கு நீந்தத் தெரியாது. ஆயுளில் பாதியைத் தண்ணீருக்கு மேலேயே ஓட்டிய மனிதர்தான். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டால் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். கேட்டால், "படகு ஓட்டுறவனுக்கு நீச்சல் எதுக்குங்கிறேன்? படகு முங்காமப் பாத்துக்கிட்டாப் போதாதா?" என்பார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்த லயங்களில் கிடையாது. அவர் படகில் ஏறப் பயந்தவர்களும் கிடையாது.

போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் இறங்கினால், தேயிலைக்கும் ஏலத்துக்கும் நடுவில் ஓர் அணைத் தண்ணீர் கிடக்கிறது. அணை கட்டிய காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இந்தக் கரை மேட்டுக்கு மாறின. அந்தோணியார் கோயிலும் கல்லறைத் தோட்டமும் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டன. அன்றிலிருந்து இக்கரைக் கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானமோ கல்யாணமோ சாவோ, எதுவானாலும் தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். சுற்றிப் போக ஒரு ஜீப் பாதை உண்டு. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. நல்ல உடம்போடு ஏறியவனே இறங்கும்போது ஒரு பக்கம் வளைந்துதான் நிற்பான். டூரிஸ்டுகளை ஏற்றும் படகுகள் அணையின் மறுகோடியில் ஓடுகின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கம் வர அனுமதி இல்லை. ஆக, இரண்டு கரைக்கும் நடுவே போக்குவரத்து என்று இருந்தது சுவக்கீனின் ஃபைபர் படகு ஒன்றுதான்.

அது முதலில் துரையின் படகு. எஸ்டேட் மேனேஜரைத் துரை என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஒரு துரை மீன் பிடிக்கும் ஆசையில் அதை வாங்கினார். அவருக்கு மீன் கிடைத்ததோ இல்லையோ, பங்களாவில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சுவக்கீனுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. துரை மாறிப் போனார். படகு, அக்கரைக் காட்டில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களை ஏற்றி இறக்க வந்தது. பிறகு கம்பெனி அக்கரைக் காட்டைக் கைவிட்டது, படகையும் கைவிட்டது. சுவக்கீன் கைவிடவில்லை. "நீயே வச்சுக்கப்பா" என்று அப்போதிருந்த மேனேஜர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான் அவர் அதற்கு வைத்திருந்த பட்டா.

படகுக்கு ஒரு குறை உண்டு. துரை காலத்திலேயே, தண்ணீருக்குள் நிற்கும் பழைய மரக்கட்டை ஒன்றில் அதன் வலப்பக்கம் மோதிவிட்டது. யாரோ மேலாகப் பட்டி பூசி மூடினார்கள். ஓட்டை மூடிக்கொண்டது, உள்ளே புகுந்த தண்ணீர் மட்டும் வெளியே வரவில்லை. இந்த மாதிரிப் படகுகளில், மிதப்பதற்கென்று தளத்துக்கு அடியில் ஃபோம் அடைத்திருப்பார்கள். அந்த ஃபோம் வலப்பக்கத்தில் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போக, படகு எந்நேரமும் வலப்பக்கம் சாய்ந்தே ஓடியது. சுவக்கீன் பின்னால் நடுவில் உட்கார்ந்து எஞ்சின் பிடியைப் பிடித்திருப்பார். அவர் என்ன வித்தை காட்டினாலும் அது நிமிராது. இடப்பக்கம் யாராவது கனமாக உட்கார்ந்தால்தான் நேராகும்.

மதலேனம்மாள் அவருடைய வாழ்க்கைக்குள் வந்ததே அப்படித்தான். கொழுந்துக் கூடையோடு முதல் நாள் படகில் ஏறியவள், நேரே முன்னால் போய் உட்காரப் பார்த்தாள். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற உடம்பு. சுவக்கீன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ இடப்பக்கம் வந்து உக்காரு" என்றார்.

"ஏன்? முன்னாடி உக்காந்தா என்னவாம்?"

"படகு சாயுது. நீ அங்க உக்காந்தாச் சரியாகும்."

"நான் என்ன உப்பு மூட்டையா, பாரம் வைக்கிறதுக்கு?"

படகே சிரித்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இடப்பக்கம் உட்கார்ந்தாள். படகு நிமிர்ந்தது. மறுநாள் யாரும் சொல்லாமலே அங்கே போய் உட்கார்ந்தாள். ஈஸ்டர் கழிந்து அக்கரைக் கோயிலில் கல்யாணம் முடிந்து திரும்பும்போதும், பட்டுச்சேலையும் மாலையுமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கு ஒரு நாளாவது முன்னாடி உக்காரட்டுமா?" என்று கேட்டதற்குப் புது மாப்பிள்ளை, "கல்யாணத்தன்னைக்கே முங்கிச் சாகணுமா?" என்றாராம். பேச்சில் அவர் அவ்வளவு இனிமையானவர்.

ஜோஜோ பிறந்தான். அவனுக்குப் பின்னால் ஷீனா பிறந்தாள். ஜோஜோ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டான். அந்தச் சின்னப் பெட்டியை மதலேனம்மாள் யார் கையிலும் கொடுக்கவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்து, மடியிலேயே வைத்துக்கொண்டு அக்கரை போனாள். அந்தப் பயணத்தைப் பற்றிச் சுவக்கீன் யாரிடமும் பேசியதில்லை. படகை எப்படி அக்கரை சேர்த்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸுக்கும் மேலாகிவிட்டது. முதல் நாளே அக்கரை போய்ப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் மகன் பெயரைத் தன் கையாலேயே கறுப்புப் பெயிண்டில் எழுதுவாள். மறுநாள் செவ்வந்திப் பூ, மெழுகுவத்தி, ஒரு பொட்டலம் தேன்மிட்டாய். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்வரை, மகனோடு என்னவோ பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மழையானாலும் காற்றானாலும் ஒரு வருஷம் தவறியது கிடையாது. ஒவ்வொரு வருஷமும் படகில் ஏறும்போது, "முன்னாடி உக்காந்து மூஞ்சியில காத்துப் படப் போகணும்னு எனக்கு ஒரு ஆசை" என்பாள். "சாயும்" என்பார் அவர். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

போன வருஷம் அவளுக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. கொழுந்துக்காட்டுப் பொம்பளைக்கு இடுப்பு வலி ஒரு வியாதியா என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, புற்று எலும்புவரை போயிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாளையாரில் குடித்தனம் இருந்த ஷீனா, புருஷனைத் தனியே விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தாள். வாரம் ஒரு தடவை பாலியேட்டிவ் நர்ஸ் வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவார். படகையே நிமிர்த்திய மனுஷி, கட்டிலில் மடித்து வைத்த சேலை மாதிரி கிடந்தாள்.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு நாள், அவள் புருஷனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இந்தக் கல்லறைத் திருநாளுக்கு என்னைய ஜோஜோகிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க. அடுத்த வருஷம் நானே அங்கதேன் இருப்பேன்."

"பேச்சப் பாரு" என்றார் சுவக்கீன். அதோடு நிறுத்தாமல், சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டார். "கூட்டிட்டுப் போறேன். படகைப் புதுசு மாதிரி ஆக்கி, இந்தத் தடவ உன்னைய முன்னாடி உக்கார வச்சே கூட்டிட்டுப் போறேன். துரைசாணி மாதிரி."

"சாயாதா?"

"சாயாது."

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் சுவக்கீனைப் பேயாகப் பிடித்துக்கொண்டது.

மழைக்கு முன்பே கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் தார்ப்பாயை நீக்கிவிட்டு, திருப்புளிக் கட்டையால் ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் டக் டக் என்று கேட்டது. வலப்பக்கம் முழுக்கப் பொத் பொத் என்றது. அடிப்பக்கம் வேர்க்குரு மாதிரிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றைக் கிள்ளினால் புளித்த வாடையோடு தண்ணீர் கசிந்தது. நிமிர்த்தி உள்ளே காலை வைத்தால், தளம் ஊறிய அப்பம் போல அமுங்கியது. ஃபைபர், இரும்பு மாதிரித் துருப்பிடிக்காது, மரம் மாதிரி உளுத்துப் போகாது, ஆகவே அதற்குச் சாவே இல்லை என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கோலத்தில் இறக்கினால் நடுத்தண்ணீரிலேயே குடித்து உட்கார்ந்துவிடும்.

அறுத்து, சுரண்டி, ஃபைபர் மேட் ஒட்டி, பசை போன்ற ரெசின் பூசிவிடலாம். அந்த வேலையெல்லாம் அவர் சின்னச் சின்னதாகச் செய்து பழகியவர்தான். ஆனால் ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. படகு முதலில் காய வேண்டும். துவைத்த துணியே வாரக்கணக்கில் ஈரம் மாறாமல் கிடக்கும் அந்த மலையில், பஞ்சுப் பொதி மாதிரி மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் அந்தக் காலத்தில், படகு எப்படிக் காயும்?

வழி சொன்னது பெரியமுத்து. பக்கத்து ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்க்கிறவர். பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்துக் குழாய் வழியே சூடேற்றி உலர்த்தும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். "எத்தன வருஷமா பச்சைக் காயக் காய வைக்கிறோம் மாப்ளே! ஒரு படகைக் காய வைக்க முடியாதா?" என்றார். இந்த யோசனை அந்த மலையில் மட்டும்தான் ஒரு மனுஷனுக்குத் தோன்றும். கடற்கரைக்காரன் கேட்டால் வாயால் சிரிக்க மாட்டான்.

பழைய ஸ்டோருக்கு இரட்டைக் கதவு. தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, பத்துப் பேர் தூக்கிப் போய்ப் படகைக் குறுக்காக உள்ளே வைத்தார்கள். பெரியமுத்து, காய்க்குப் போடுவது போல இளஞ்சூட்டில் தீப் போட்டார். ஈரம் மெல்ல மெல்லத்தான் வெளியேற வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். சுவக்கீனுக்கோ கண் முன்னால் நவம்பர்தான் நின்றது. பெரியமுத்து வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம் எல்லாம் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"காய்க்கே இம்புட்டுச் சூடு ஆகாதுப்பா. வெடிச்சிரும்" என்று பெரியமுத்து ஒரு நாள் கையைப் பிடித்தார்.

"காய் வேற, படகு வேற" என்றார் சுவக்கீன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள்; இது பதறிய காரியம். உள்ளே ஊறிக் கிடந்த தண்ணீர் சூட்டில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல், வலப்பக்கத்தைப் பூரி மாதிரி உப்பவைத்துவிட்டது. கதவைத் திறந்தபோது, ஒட்டியிருந்த அடுக்கெல்லாம் பிரிந்து, ஒரு கை நுழையும் அளவு வாய் பிளந்திருந்தது. கொப்புளம் கிள்ளிச் சரிசெய்ய வேண்டிய படகு, பாதி உடம்பை வெட்டி எறிய வேண்டிய படகாகிவிட்டது. சுவக்கீன் அந்தப் பிளவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். பெரியமுத்து ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நல்ல சிநேகிதன்.

அன்றைக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மதலேனம்மாள், "அந்தப் படகு கெடந்துட்டுப் போகுது. ஜீப்புல மெத்தையப் போட்டு, இப்பவே ஒருக்காக் கூட்டிட்டுப் போயிருங்க. திருநாள் வரைக்கும் காத்துக்கெடக்க வேண்டாம்" என்றாள்.

"அந்த ரோட்டுலயா? ஒரு கல்லு ஏறி எறங்குனா உன் எலும்பு பொடிஞ்சிரும்."

"மருந்து குடுத்துட்டு மெதுவாக் கொண்டு போகலாம்னு நர்ஸ் சிஸ்டரே சொன்னாங்கப்பா" என்றாள் ஷீனா. "நான் மடியில வச்சுக்கிறேன். அம்மா கேக்குறாங்கல்ல?"

"சிஸ்டருக்கு அந்த ரோட்டப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்லிட்டேன், படகுலதான் போறோம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வலியில் முனகுவதை ஒவ்வொரு நாளும் கேட்கிறவர் அவர்தானே. ஆனால் முழு நியாயமும் அதுவல்ல. முன்னால் உட்கார வைக்கிறேன் என்று சொன்ன வாய், அதை விழுங்க மாட்டேன் என்றது. அன்பில் கொஞ்சம் வீம்பும் கலந்துகொண்டால், எது எது என்று பிரித்துப் பார்க்க யாரால் முடியும்? மதலேனம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இனி வெயில் வேண்டும் என்றால் போடிக்குத்தான் இறங்க வேண்டும். ஒரு மினி லாரியில் படகைக் கவிழ்த்துக் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கினார். போடிமெட்டு செக்போஸ்டில் லாரியை நிறுத்திவிட்டார்கள். காரணம், படகு முழுக்க ஏலக்காய் வாசம். அடியில் காய் மூட்டையை மறைத்துக் கடத்துகிறான் என்று எண்ணி, கட்டை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "படகை ஏலக்காய் ஸ்டோர்ல காய வச்சோம் சார்" என்று சுவக்கீன் உண்மையைச் சொன்னார். அந்த உண்மையைக் கேட்ட பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

போடியில் பாண்டித்துரை என்று ஒருவர் ஃபைபர் வேலை செய்கிறார். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு எல்லாம் அவர் பட்டறையில் உருவாகும். படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அண்ணே, நான் தண்ணிய உள்ள நிப்பாட்டுறதுக்குச் சாமான் செய்யிறவன். நீங்க தண்ணிய வெளிய நிப்பாட்டச் சொல்றீக" என்றார். பிறகு எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார். சுவக்கீன் சொன்னார். பாண்டித்துரை கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கிரைண்டரை எடுத்தார்.

தளத்தை அறுத்து, ஊறிய ஃபோமைக் கட்டி கட்டியாகப் பிடுங்கிப் போட்டார்கள். பிழிந்தால் ஈரத் துணியைப் போலத் தண்ணீர் கொட்டியது. சுவக்கீனுக்கு மீசை முளைத்த காலத்தில் உள்ளே புகுந்த தண்ணீரும் அதில் இருந்திருக்கும். பிறகு வெறும் கூட்டை வெயிலில் காயப் போட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் போடியிலும் மழை பிடித்துக்கொண்டது. வெயில் அடித்தால் திறப்பதும் தூறல் விழுந்தால் தார்ப்பாயோடு ஓடுவதுமாக நாட்கள் போயின. சுவக்கீன் இரண்டு நாள் மேலே, இரண்டு நாள் கீழே என்று பஸ்ஸில் அலைந்தார். மேலே இருந்தால் படகு நனைகிறதோ என்று மனசு கீழே இருந்தது. கீழே இருந்தால் அவள் முகம் கண்ணில் நின்றது. ஒரு தடவை வீட்டுக்குப் போனபோது, "என்ன கலர் அடிக்கட்டும்?" என்று கேட்டார். "மாதா சேலைக் கலரு" என்றாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. படகு இன்னும் போடியில்தான் கிடந்தது. பாதி மேட் ஒட்டியிருந்தது, மீதி ஈரம். மழையில் ஜீப் பாதையும் சேறாகிக் கரைந்துவிட்டதால், வீம்பை விட்டுவிடலாம் என்று சுவக்கீன் நினைத்தபோது அதற்கும் வழியில்லாமல் போயிற்று. தண்ணீர் தெரியும் ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்தச் சொல்லி, மதலேனம்மாள் ஜன்னல் கட்டையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். பக்கத்தில் தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தாள். அக்கரைக்காரர்கள் ஏற்றிய விளக்குகள் கல்லறைகளின் மேல் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. சுவக்கீனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஜோஜோ கோவிச்சுக்க மாட்டான்" என்றாள் அவள். "அப்பா படகு வேலையா இருக்காருன்னு சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு வந்த வெயிலில் பாண்டித்துரை ராப்பகலாக உழைத்து வேலையை முடித்தார். இரண்டு பக்கமும் புது ஃபோம், புதுத் தளம், வெளியே மாதா நீலத்தில் ஜெல்கோட் பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவு பளபளப்பு ஏற்றியிருந்தார். படகு மலை ஏறி வந்து கரையில் இறங்கியபோது லயமே திரண்டு நின்றது. ஷீனாவும் பெரியமுத்துவும் மதலேனம்மாளை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். அங்கிருந்து படகு நன்றாகத் தெரியும்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவக்கீன் ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குங்க." பிறகு அவர் கையைப் பிடித்தாள். "இப்பவே போவமா?"

சுவக்கீன் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் அலை இல்லை. போயிருக்கலாம். ஆனால் நீந்தத் தெரியாதவனின் ஜாக்கிரதை அவருக்கு. பாதி உடம்பு புதிதாக ஒட்டிய படகு. ஒரு தடவை தனியே ஓட்டிப் பார்க்காமல் இவளை எப்படி ஏற்றுவது?

"நாளைக்குப் போவோம். காலையில நான் ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்து உன்னையத் தூக்கிட்டுப் போறேன்."

"சரி" என்றாள். "முன்னாடிதான?"

"முன்னாடிதான்."

மறுநாள் காலை மேகம் இல்லை. சுவக்கீன் படகை இறக்கினார். அது தண்ணீரில் நின்ற நிலையைப் பார்த்ததுமே சிலுவை போட்டுக்கொண்டார். இடமும் இல்லை, வலமும் இல்லை, தராசு முள் மாதிரி நேராக நின்றது. எஞ்சினைக் கிளப்பி நடுத்தண்ணீர்வரை போனார், வளைத்தார், வேகம் கூட்டினார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் படகு இவ்வளவு லேசாக ஓடி அவர் பார்த்ததில்லை.

திரும்பும்போது, கரையில் ஷீனா நின்று ஒரு துண்டை ஆட்டுவது தெரிந்தது. மகளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போல என்று நினைத்தார். அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். ஒரு கையை விட்டுவிட்டு, பெருமையாக, நன்றாகவே ஆட்டினார். கிட்டே வந்த பிறகுதான் அவள் முகம் தெரிந்தது.

மதலேனம்மாள் நல்ல சேலை கட்டி, தலை சீவி, தயாராக உட்கார்ந்திருந்தாளாம். "எஞ்சின் சத்தம் கேக்குது" என்று ஷீனாவிடம் சொன்னாளாம். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியை அடுத்த நாள் படகுக்குக் கொண்டு வந்தார்கள். பெரியமுத்து ஒரு பக்கம், கோயில் இளைஞர் குழுப் பையன் ரிஜின் ஒரு பக்கம், இன்னும் இரண்டு பேர். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "எங்க வைக்க?" என்று பெரியமுத்து கேட்டார்.

"இடப்பக்கம்" என்றார் சுவக்கீன்.

வைத்தார்கள். படகு இடப்பக்கம் சாய்ந்தது. விளிம்புக்கு ஒரு முழம் கீழே நின்ற தண்ணீர் சட்டென்று கிட்டே வந்தது. ரிஜின் பதறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். சுவக்கீனுக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. அவள் அங்கே இருந்தால் படகு நேராகத்தானே நிற்க வேண்டும்? எத்தனை வருஷமாக அப்படித்தானே நின்றது?

"சுவக்கீனு" என்றார் பெரியமுத்து, ரொம்ப மெதுவாக. "இப்பச் சாயுதப்பா. படகு சரியாயிருச்சுல்ல? முன்னாடி, நடுவுல வச்சிருவோமா?"

சுவக்கீன் தலையை மட்டும் ஆட்டினார். பெட்டியைத் தூக்கி முன்னால், நடுவில் வைத்தார்கள். படகு நிமிர்ந்து, அசையாமல் நின்றது. அப்போதுதான் அவர் அழுதார். அவள் செத்த அன்று அழாத மனிதர், கழுத்தளவு தண்ணீரில் மாட்டிக்கொண்டவர் போல மாதாவே மாதாவே என்று கத்தி அழுதார். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். காற்று எதிரே வந்து பெட்டியின் மேலிருந்த செவ்வந்தி இதழ்களைப் பின்னால் அவர் மேலேயே கொண்டு வந்து போட்டது. புதுப் பெயிண்ட் வாடைக்கு நடுவிலும் படகில் ஏலக்காய் வாசம் இருந்தது.

ஜோஜோவுக்குப் பக்கத்திலேயே அவளை வைத்தார்கள். மற்றவர்களை நடை நடையாக இக்கரை சேர்த்துவிட்டு, கடைசி நடைக்கு அவரும் ஷீனாவும் மிஞ்சினார்கள். ஷீனா ஏறி, ஒன்றும் யோசிக்காமல், சின்னப் பிள்ளையிலிருந்து அம்மாவை எங்கே பார்த்தாளோ அங்கே போய் உட்கார்ந்தாள். படகு இடப்பக்கம் சாய்ந்தது.

"அப்பா, சாயுதே. நடுவுல வந்து உக்காரட்டா?"

சுவக்கீன் எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

"வேண்டாம்மா. அங்கயே உக்காந்துக்க."

படகு சாய்ந்தபடியே கரை வந்து சேர்ந்தது.